தோளில் மாங்காய் வைத்த கிட்டார்

“அப்பா, அந்தக் கிட்டாருக்கு மட்டும் ஏன் ஓட்டை ஓரத்துல இருக்கு?”

மகள் கேட்ட பிறகுதான் நானும் கவனித்தேன். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சியாட்டிலின் பைக் ப்ளேஸ் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். 1907-இல் தொடங்கிய சந்தை அது. காய்கறிக்காரர்கள், மீன்காரர்கள், பூக்காரர்கள், ஊர் பார்க்க வந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு போவார்கள். தரையில் அங்கங்கே பெயின்ட்டில் ஒரு ஸ்வரக் குறி வரைந்திருக்கும். அனுமதி வாங்கிய தெருக் கலைஞர்கள் அந்தக் குறி இருக்கும் இடத்தில்தான் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் கூடாது. அதனால் அங்கே கேட்பதெல்லாம் மரத்திலிருந்தும் தொண்டையிலிருந்தும் நேராக வருகிற சத்தம். அந்தச் சந்தைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு மீனைவிட அதுதான் பெரிய காரணம்.

அன்று ஒரு குறியின் மேல், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் நின்று பாடிக்கொண்டிருந்தார். கையில் சின்னதாக ஒரு கிட்டார். அதை இடுப்பில் தொங்கவிடாமல் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தார். தூரத்தில் பார்த்தபோது குழந்தைகளுக்கு வாங்கித் தரும் கிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சத்தம் அப்படி இல்லை. கணீரென்று, மாண்டலினுக்கும் கிட்டாருக்கும் நடுவில் நின்ற ஒரு குரல், மீன்காரர்களின் கூச்சலைத் துளைத்துக்கொண்டு வந்தது.

கம்பிகளுக்கு நேர் கீழே, நடு மார்பில் இருக்க வேண்டிய வட்டத் துளை அதில் இல்லை. பலகை மூடி, வழவழவென்று கிடந்தது. துளை மேலே, கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தோளில் இருந்தது. வட்டமும் இல்லை. ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் வளைந்து கூராகி, அச்சு அசலாக மாங்காய். அம்மாவின் பட்டுப்புடவை ஜரிகையில் வருமே, அந்த மாங்காய்.

பாட்டு முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மீன் கடை வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு திரும்பினால், அதே குறியின் மேல் அக்கார்டியனோடு வேறொருவர் நிற்கிறார். ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அடுத்தவர் காத்திருந்தால் விட்டுவிட வேண்டும். அந்தப் பெண் கூட்டத்தில் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. என்னிடம் மிஞ்சியது மகள் எடுத்த நாற்பது விநாடி வீடியோ. வீட்டுக்கு வருகிற வழியில் காரை நிறுத்திவிட்டு, மறந்துபோகும் முன் மீன் பில்லின் பின்பக்கம் அந்த உருவத்தை வரைந்து வைத்தேன்.

கிட்டார் பழகியவர்களுக்கு இந்த அரிப்பு புரியும். மேடையில் தெரியாத ஒரு கிட்டாரைப் பார்த்துவிட்டால் பாட்டின் பாதி காதில் ஏறாது. கண் தானாகத் தலைக்குப் போகும். அங்கேதான் பெயர் இருக்கும். பெயர் தெரியாவிட்டால் தலையின் வடிவம். மார்ட்டின் என்றால் பக்கங்கள் நேராக, உச்சி தட்டையாக இருக்கும். கிப்ஸன் என்றால் உச்சி விரித்து வைத்த புத்தகத்தைப் போல வளைந்திருக்கும். அப்புறம் கண் பிரிட்ஜுக்கு இறங்கும். நம் வீணையில் குதிரை என்போமே, அது. மார்ட்டினின் பிரிட்ஜுக்குக் கீழ்ப்பக்கம் தொப்பை விழுந்திருக்கும். கிப்ஸன் ஜே-200 என்ற பெரிய மாடலில் அது முறுக்கிவிட்ட மீசை. ஓவேஷனிலும் வட அயர்லாந்தின் லோடனிலும் கம்பியைப் பிடித்து வைக்கும் ஆணிகளே இருக்காது, கம்பி பிரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து நுழைந்து வரும். பிறகு பலகையின் நிறம். வெளுத்த மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம், செம்பழுப்பு என்றால் ஸீடர் அல்லது மஹாகனி. வீணையில் யாளி முகத்தையும் குடத்தையும் பார்த்து இது தஞ்சாவூர், இது மைசூர் என்று சொல்கிறவர்கள் உண்டல்லவா, அதே மாதிரிதான்.

எங்கள் மாநிலக்காரர் ஒருவரின் கிட்டாரே இதற்குப் பெரிய உதாரணம். 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் நிர்வானா என்ற ராக் குழு எம்டிவி தொலைக்காட்சிக்காக மின் கிட்டார்களை ஒதுக்கிவைத்து வாசித்தது. சியாட்டில் இருக்கும் இதே வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் ஊரில் பிறந்த, குழுவின் பாடகர் கர்ட் கோபேன் கையில் அன்று இருந்தது மார்ட்டின். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, தலையில் எழுதியிருந்தது. ஆனால் மின் கிட்டாரில் இருக்க வேண்டிய குமிழ்கள் மார்ட்டின் மேல்பலகையில் என்ன செய்கின்றன? துளைக்கு அருகே, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப், உலோகப் பட்டையாக எதற்கு? அது டி-18இ என்ற மாடல். 1958, 59-இல் மொத்தமே 302 செய்தார்கள். நல்ல டி-18 கிட்டாரின் பலகையைக் குடைந்து இரண்டு மின் பிக்அப்களைப் பதித்தார்கள். அந்தக் கனத்தைத் தாங்குவதற்காக உள்ளே வேறு மாதிரி சட்டங்களை வைத்தார்கள். பலகை சுதந்திரமாக அதிர முடியாமல் போனது. மின் கிட்டாராகவும் ஆகவில்லை, மரக் கிட்டாராகவும் மிஞ்சவில்லை. கம்பெனி சீக்கிரமே நிறுத்திக்கொண்டது. அந்தத் தோற்றுப்போன மாடல், அந்த ஒரு இரவுக்குப் பிறகு, உலகம் முழுவதும் தேடப்பட்டது. கோபேனின் கிட்டார் 2020 ஜூனில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ரோட் மைக்ரோஃபோன் கம்பெனியை நடத்தும் ஆஸ்திரேலியர் பீட்டர் ஃப்ரீட்மன் எடுத்தார்.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். டி-18இ-யை அடையாளம் காட்டியது அதன் பெயர் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே இருக்கக்கூடாத ஒரு குமிழ் அதைக் காட்டிக்கொடுத்தது. செய்தவர்கள் ஏதோ ஒரு பிரச்னையைத் தீர்க்க நினைத்து வைத்த குமிழ். ஒரு கிட்டாரில் வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால், யாரோ ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கேள்வி பிடிபட்டால் மாடலும் பிடிபட்டுவிடும்.

சரி, என் வீடியோவுக்கு வருகிறேன். தலையில் பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதன் மேல் ஒரு க்ளிப் ட்யூனர் மாட்டியிருந்தது. ஸ்ருதி சேர்ப்பதற்காக இன்றைக்கு எல்லாரும் மாட்டிக்கொள்ளும் சின்னக் கறுப்புப் பெட்டி. பெயர் இருக்கும் இடத்தை அது சரியாக மறைத்துவிட்டது. பலகை செம்பழுப்பு. கம்பிகளில் வெண்கலப் பளபளப்பு தெரிந்தது, அதாவது நைலான் இல்லை, உலோகம். மீதி எல்லாம் அந்த மாங்காயில்தான் இருந்தது.

முதல் இரண்டு நாள் துளையை வைத்தே தேடினேன். முதலில் நினைவுக்கு வந்தது ஓவேஷன். ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் கேமன் 1966-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி அது. ஆமை ஓடு மாதிரி உருண்ட செயற்கை முதுகு. அவர்களுடைய அடமாஸ் மாடலில் துளைகள் தோளுக்குப் போய்விடும். ஆனால் அவை இரண்டு தோள்களிலும் இலை அலங்காரத்துக்கு நடுவே சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும். ஒற்றை மாங்காய் அங்கே இல்லை. அப்புறம் விஸ்கான்சினில் செய்யும் மெக்ஃபெர்ஸன். அதில் துளை தோளில்தான், ஒன்றுதான். ஆனால் அவை பெரும்பாலும் முழு அளவுக் கிட்டார்கள், அந்தப் பெண் நெஞ்சில் அணைத்திருந்தது அதில் முக்கால்கூட வராது. ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த செல்மர் கிட்டாரின் துளையும் வட்டம் இல்லை, ஆனால் அது இருப்பது நடுவில். இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து நின்றுவிட்டேன்.

‘மாங்காய் வடிவத் துளை’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்ததும் பலிக்கவில்லை. மாங்காய் என்று அதைச் சொல்வது நாம் மட்டும்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி, வீடியோவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் தாத்தா மாயவரம் பக்கம். கோயில் வாசலில் இறங்கும் முன்பே, தெருமுனையில் சத்தம் கேட்டதும், “இன்னிக்குத் திமிரி” என்பார். திமிரி நாயனம் குட்டை, ஸ்ருதி ஏற்றம். பாரி நாயனம் நீளம், ஸ்ருதி தாழ்வு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியைப் பரவலாக்கும்வரை ஊரெல்லாம் திமிரிதான் ஒலித்தது என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாயனத்தைப் பார்க்காமலே அதன் நீளத்தைச் சொல்லிவிடுவார். காதில் விழும் ஸ்ருதிக்கும் கையில் இருக்கும் நீளத்துக்கும் நடுவே ஓடும் கணக்கு அவருக்கு ரத்தத்தில் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் மகளின் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

வீடியோவில் அந்தப் பெண்ணின் இடது கை பிடிப்பது ஜி கார்டு. அதில் சந்தேகமே இல்லை, மூன்று விரலும் அங்கேதான் இருந்தன. நம் கணக்கில் ஐந்து கட்டை. ஆனால் கீபோர்டில் தேடினால் ஒலிப்பது சி, ஒரு கட்டை. அடுத்து சி கார்டைப் பிடிக்கிறார், கேட்பது எஃப், நான்கு கட்டை. எல்லாமே நான்காம் ஸ்வரத்துக்கு ஏறியிருக்கின்றன. கம்பிகளை எல்லாம் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற க்ளிப்பைப் போட்டால் அப்படி வரும். ஐந்தாவது ஃப்ரெட்டில், அதாவது வீணையில் மெட்டு என்போமே அதில், கேப்போவை இறுக்கினால் ஜி-யைப் பிடித்து சி-யைக் கேட்கலாம். ஆனால் அவர் கழுத்தில் கேப்போ இல்லை. கழுத்து முழுக்கத் திறந்து கிடந்தது.

அப்படியென்றால் இந்தக் கிட்டார் பிறந்ததே அந்த ஸ்ருதியில்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உலோகக் கம்பிக் கிட்டார் எதை எடுத்தாலும், கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறி இறங்கும் நட் என்ற பட்டையின் அகலம் அதிகம் மாறாது. பெரும்பாலும் 43-லிருந்து 45 மில்லிமீட்டருக்குள் இருக்கும், மனித விரல் தடிமன் மாறாதே. அந்தப் பட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள கம்பி நீளம்தான் மாடலுக்கு மாடல் மாறும். பெரிய மார்ட்டின்களில் அது 64.5 சென்டிமீட்டர், நட் அகலத்தைப் போல 15 மடங்கு. வீடியோவில் கிட்டார் நேராக எங்களைப் பார்த்திருந்த ஒரு கணத்தை நிறுத்தி, திரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். 11 மடங்கும் கொஞ்சமும் வந்தது. அதாவது 48, 49 சென்டிமீட்டர்.

இப்போது 64.5-இல் முக்கால் பங்கு எவ்வளவு? 48.4.

அந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். வீணை கற்றவர்களுக்கு இது முதல் பாடம். ஸ ஒலிக்கும் கம்பியில் முக்கால் பங்கை மட்டும் அதிரவிட்டால் கிடைப்பது சுத்த மத்யமம். அந்தக் கிட்டார் யாரோ சிறுவர்களுக்காகக் குறுக்கியது இல்லை. பெரிய கிட்டாரின் கம்பியையே எடுத்து, இழுவிசையையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, நீளத்தை மட்டும் முக்காலாக்கினால் என்ன வருமோ அது. நம் பாஷையில் சொன்னால், மத்யம ஸ்ருதிக் கிட்டார். புன்னாகவராளியையும் செஞ்சுருட்டியையும் பாடும்போது மத்யமத்தை ஆதாரமாக வைத்துக்கொள்கிறோமே, அதையே ஒருவர் மரத்தில் செய்து வைத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு வட்டம் சுருங்கிவிட்டது. தடித்த கம்பி வழக்கமான ஈ-க்குப் பதில் நான்கு ஸ்வரம் ஏறி ஏ ஸ்ருதியில் பிறக்கும் ஆறு கம்பி வாத்தியங்கள் உலகில் அதிகம் இல்லை. யமஹாவின் கிட்டலேலே உண்டு, கிட்டாருக்கும் உகுலேலேக்கும் பிறந்தது. ஆனால் அது இன்னும் குட்டை, கம்பி நைலான். மெக்ஸிகோவின் ரெகின்டோ உண்டு. லாஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழுவில் ஆல்ஃப்ரெதோ ஹில் வாசித்துப் புகழ்பெற்ற வாத்தியம், மனதை உருக்குகிற குரல் அதற்கு. அதுவும் நைலான், துளையும் நடுவில். பேபி டெய்லரும் லிட்டில் மார்ட்டினும் உருவத்தில் சின்னவை, ஸ்ருதி வழக்கமானதுதான்.

அந்த வாரக் கடைசியில், நகரத்தின் வடக்கில் இருக்கும் ஒரு பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனேன். என் கிட்டாரின் ஃப்ரெட்டுகளைச் சரிசெய்வதற்காக முன்பு இரண்டு முறை போன இடம். எழுபது வயது இருக்கும் அவருக்கு. கதவைத் திறந்ததும் பசையும் மரத்தூளும் சேர்ந்த வாசனை வரும். வீடியோவைத் திறப்பதற்குள் மீன் பில்லைத்தான் மேஜையில் வைத்தேன். ஒரு நொடிதான் பார்த்தார்.

“இது டகோமா பப்பூஸ். நீங்கள் எங்கே போய்த் தேடினீர்கள்? இங்கேயிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற டகோமா ஊரில்தான் செய்தார்கள்.”

அப்புறம் மாங்காயைத் தொட்டுக் காட்டி, அதற்கு பெய்ஸ்லி துளை என்று பெயர் என்றார். பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் ஒரு நெசவு ஊர். 19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பார்த்து அங்கே நெய்து விற்றார்கள், ஊர்ப் பெயர் அந்த உருவத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் புடவையிலும் கழுத்து மாலையிலும் இருக்கிற மாங்காய், காஷ்மீரிலிருந்து ஸ்காட்லாந்து போய், பெயரை மாற்றிக்கொண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கிட்டாரின் தோளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வார்த்தை தெரியாததால்தான் நான்கு நாள் சுற்றியிருக்கிறேன்.

டகோமா கிட்டார் கம்பெனி தென் கொரியாவின் பியானோ கம்பெனியான யங் சாங்கிலிருந்து கிளைத்தது. பியானோவுக்கு மரம் வேண்டும். வாஷிங்டனில் ஸ்ப்ரூஸும் ஸீடரும் ஓங்கி வளர்ந்து கிடக்கின்றன. மரம் அறுக்க வந்தவர்கள் 1990களில் அதே மரத்தில் கிட்டாரும் செய்யத் தொடங்கினார்கள். பியானோவின் ஒலிப்பலகைக்கு ஏற்ற மரம் கிட்டாரின் மேல்பலகைக்கும் ஏற்றது. பப்பூஸை வடிவமைத்ததில் ஜார்ஜ் க்ருனுக்குப் பங்கு உண்டு. நாஷ்வில்லில் 1970 முதல் பழைய கிட்டார்களை வாங்கி விற்றுக்கொண்டிருப்பவர், பழைய கிட்டார்களை அடையாளம் காண்பது பற்றிப் புத்தகமே எழுதியவர். இருந்த மாடல்களை எல்லாம் கரைத்துக் குடித்த ஒருவர், எதைப் போலவும் இல்லாத ஒன்றைச் செய்வதில் சேர்ந்திருக்கிறார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். டகோமா என்பது இந்தப் பகுதிப் பூர்வகுடிகள் ரெய்னியர் மலைக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. வெயில் அடிக்கும் நாளில் எங்கள் வீட்டு மாடியிலிருந்துகூட அந்த மலை தெரியும். ஆனால் பப்பூஸ் என்பது கண்டத்தின் மறுகோடியில் வாழ்ந்த வேறொரு பூர்வகுடியின் மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல். அதை இங்கே எடுத்து ஒரு விற்பனைப் பொருளுக்கு ஒட்டியதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதன் பெரிய அண்ணனுக்கு சீஃப், அதாவது குலத் தலைவர் என்று பெயர். அதே குடும்பத்து அக்கூஸ்டிக் பேஸ் கிட்டாருக்கு தண்டர்சீஃப். மூன்றின் தோளிலும் அந்த மாங்காய் உண்டு. கிட்டார்கள் அருமையானவை, பெயர்களை இன்னும் மரியாதையோடு யோசித்திருக்கலாம்.

2004-இல் ஃபெண்டர் கம்பெனி டகோமாவை வாங்கியது. 2008-இல் டகோமா ஆலை மூடப்பட்டது. குறுகிய வாழ்வுதான்.

என் மகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பட்டறைக்காரரிடம் அதைத்தான் கேட்டேன். ஏன் ஓரத்தில்?

அவர் சுவரில் மாட்டியிருந்த, முதுகு கழற்றிய ஒரு பழைய கிட்டாரை எடுத்து உள்பக்கத்தைக் காட்டினார். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையோடு பிரிட்ஜைத் தலைப்பக்கம் இழுக்கின்றன. நன்றாக வளர்ந்த ஒரு ஆள் அந்த மெல்லிய பலகையைப் பிடித்துத் தொங்குவது மாதிரி. அந்த விசை போகும் பாதை பிரிட்ஜிலிருந்து கழுத்து வரை, நடுக்கோட்டில். அந்தக் கோட்டிலேயேதான் வழக்கமான கிட்டாரில் பெரிய ஓட்டை போடுகிறோம். அதனால் அதைச் சுற்றிப் போக வேண்டும் என்று உள்ளே சட்டங்களை எக்ஸ் வடிவில் குறுக்கே வைக்கிறோம். மார்ட்டின் பட்டறையில் 1840களில் வழக்குக்கு வந்த முறை அது, இன்றுவரை பெரும்பாலோர் அதையே பின்பற்றுகிறார்கள். சட்டம் கூடக்கூட வலு ஏறும், கூடவே பலகையின் அதிர்வும் குறையும். பெரிய கிட்டாரில் இடம் இருப்பதால் சமாளித்துவிடலாம். பப்பூஸ் மாதிரி சின்ன உடம்பில் நடுவே ஓட்டை போட்டால், அதிர வேண்டிய பலகையில் பெரும்பங்கு காற்றாகப் போய்விடும். இழுவிசையோ பெரிய கிட்டாருக்கு உள்ளதேதான், குறையவில்லை.

அப்போது என்ன செய்வது? கழுத்துக்குப் பக்கத்தில் தோள் இருக்கிறது. கிட்டாரில் தோள் அதிகம் அதிர்வதில்லை, சும்மா இருக்கிற இடம். ஓட்டையை அங்கே நகர்த்திவிட்டால் நடுப்பலகை முழுசாகக் கிடைக்கிறது. சட்டங்களும் ஓட்டையைச் சுற்றி வளையாமல் நேராக ஓடலாம். தோளின் வளைவுக்குள் வட்டத்தைவிட வளைந்து ஒடுங்கும் வடிவம் நன்றாகப் பொருந்துகிறது. அதனால் மாங்காய். அழகுக்கு வைத்தது என்று நான் நினைத்த ஒவ்வொன்றும் ஒரு கணக்கிலிருந்து வந்திருக்கிறது. கம்பியை முக்காலாக்கியதால் உடம்பு சுருங்கியது, உடம்பு சுருங்கியதால் துளை நகர்ந்தது, துளை நகர்ந்ததால் அந்த வடிவம்.

அன்று அந்தப் பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃப்ரெட் வேலைக்குக் கொடுக்க எதுவும் கொண்டுபோகவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் நானும் மகளும் மார்க்கெட்டுக்குப் போனோம். இரண்டு வாரம் வேறு வேறு ஆட்கள். மூன்றாவது வாரம், நவம்பர் மழையில், கூரைக்குக் கீழே உள்ள குறியின் மேல் அந்தப் பெண் நின்றிருந்தார். இந்த முறை மீன் வரிசைக்குப் போகவில்லை. நான்கு பாட்டும் முடியும்வரை நின்றோம். பெட்டியில் பணம் போட்டுவிட்டு, “இது டகோமா பப்பூஸ்தானே?” என்று கேட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே தலையில் மாட்டியிருந்த ட்யூனரைக் கழற்றினார். அடியில் டகோமா என்று எழுதியிருந்தது.

மகள் தன் கேள்வியை விடவில்லை. ஓட்டை ஏன் ஓரத்தில் இருக்கிறது என்று நான் வழியெல்லாம் விளக்கியிருந்தும், அவரிடம் நேராகக் கேட்டாள். நான் பலகை, இழுவிசை என்று பதில் வரும் என்று காத்திருந்தேன். அவர் கிட்டாரைத் தன் நெஞ்சில் வைத்து, மாங்காய் எங்கே பார்க்கிறது என்று காட்டினார். அது நேராக அவர் முகத்தைப் பார்த்தது.

“இங்கே எவ்வளவு சத்தம் பார்த்தாயா? நடுவில் ஓட்டை இருந்தால் என் வாசிப்பு முழுக்க உங்களிடம் ஓடிவிடும். இதில் கொஞ்சம் எனக்கும் வருகிறது. ஸ்ருதி தப்பாமல் பாடுகிறேன்.”

பட்டறையில் இரண்டு மணி நேரம் பேசியும் எங்களுக்குத் தோன்றாத காரணம் இது.

அப்புறம், வாசித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டு என்னிடம் நீட்டினார். கையில் வாங்கியபோது ஒரு புத்தகத்தின் கனம்தான் இருந்தது. விரல்கள் பழக்கத்தில் ஜி-யைப் பிடித்தன, காதில் சி விழுந்தது. உடம்பு ஒரு கணம் தடுமாறியது. ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருந்ததால் மோதிர விரலை ஒடுக்கி வைக்க வேண்டியிருந்தது. மேல் கம்பிகளில் மெதுவாகப் புன்னாகவராளியை இழுத்துப் பார்த்தேன். மாங்காயிலிருந்து சத்தம் நேராக இடது காதுக்கு வந்தது, யாரோ தோளருகே நின்று பாடுவது போல. மகள் மறுபக்கம் வந்து தன் காதையும் அதனிடம் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அக்கார்டியன்காரர் பெட்டியோடு வந்து, கொஞ்சம் தள்ளி, தன் முறைக்காகக் காத்து நின்றார். கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் ட்யூனரை மறுபடி கிட்டாரின் தலையில் மாட்டி, பெயரை மறைத்துக்கொண்டு, பெட்டியை மூடினார்.